வெள்ளியா, இரும்பா, மரமா: தொன்ம உயிர்களுக்கான தோட்டாத் தேர்வு

நாவலுக்கோ மேசை விளையாட்டுக்கோ ஒரு பேய் வேட்டைக்காரரை உருவாக்குகிறவர் பெரும்பாலும் ஒரு பட்டியலில் இருந்துதான் தொடங்குகிறார்: ஓநாய் மனிதனுக்கு வெள்ளி, ரத்தக்காட்டேரிக்கு மரம், ஃபேரிகள் என்னும் ஐரோப்பிய மாய உயிர்களுக்கு இரும்பு, ஆவிக்கு உப்பு. பட்டியலில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு தோட்டா வடிவமைக்க முடியாது. வெள்ளி அந்த உடம்பைத் தொட்டால் போதுமா, உள்ளேயே தங்க வேண்டுமா, இத்தனை கிராம் சேர வேண்டுமா என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. தொடுதல், தங்குதல், அளவு என்ற மூன்றில் எது உங்கள் உலகின் விதி என்று முடிவு செய்யாதவரை எந்தத் தோட்டா நல்லது என்று பேசுவதில் பொருளில்லை. அதை முடிவு செய்துவிட்டால் பாதித் தெரிவுகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

சொற்களையும் பிரித்துக்கொள்வோம். உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு. ஒரே தோட்டாவிலிருந்து பலவாகப் பறப்பவை ரவை. குழலின் உட்புறத்தில் திருகலாக வெட்டிய வரிகள் புரி; அது குண்டைச் சுழற்றி நேராகப் போக வைக்கிறது. ரவைத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது, புரி கிடையாது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நகரும்.

வெள்ளி

வெள்ளியின் பெருமை ஓநாய் மனிதனோடு தொடங்கவில்லை. பிரான்சின் ஜெவோதான் பகுதியில் 1764 முதல் 1767 வரை மக்களைக் கொன்ற விலங்கை ழான் ஷஸ்தெல் 1767 ஜூன் 19 அன்று சுட்டு வீழ்த்தினார். அவர் வெள்ளிக் குண்டால் சுட்டார் என்பது மிகப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட சேர்க்கை. கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை ஒன்றில் வெள்ளி சூனியக்காரிக்கு எதிராக வருகிறது. ஈயக் குண்டுகள் அவள்மேல் பாயவில்லை. வேட்டைக்காரன் தன் சட்டையின் மூன்று வெள்ளிப் பித்தான்களைக் கழற்றித் துப்பாக்கியில் போட்டுச் சுடுகிறான். அவள் அலறிக்கொண்டு மரத்திலிருந்து விழுகிறாள், ஆனால் சாகவில்லை. அங்கே வெள்ளி செய்தது அவளுடைய காப்பை உடைத்தது மட்டுமே. இது தூய தொடுதல் விதி. வெள்ளியை நஞ்சாக நினைத்து எழுதுகிறவர்கள் இந்தப் பழைய வடிவத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கதைக்கு இது கூடுதல் இடம் தருகிறது.

பொருளாக வெள்ளி எப்படி? அடர்த்தி கன செ.மீ.க்கு 10.49 கிராம், ஈயம் 11.34. ஆகவே 8 கிராம் ஈயக் குண்டின் அதே வடிவத்தை வெள்ளியில் செய்தால் 7.4 கிராம் வரும். இந்த எடைக்குறைவு பொருட்படுத்தத் தக்கதல்ல. கடினத்தில் தூய வெள்ளி ஈயத்துக்கும் செம்புக்கும் நடுவே நிற்கிறது. முழுச் செம்புக் குண்டுகளே இன்று வேட்டையில் புழங்குகின்றன. எனவே வெள்ளி குழலைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. 92.5 விழுக்காடு வெள்ளியும் மீதி செம்புமான ஸ்டெர்லிங் கலவை இதைவிடக் கடினமானது. அது வேண்டாம், 999 எனப்படும் 99.9 விழுக்காடு தூய வெள்ளியே நல்லது. கலவையை விதி ஏற்குமா என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துவிடும்.

சிக்கல் வார்ப்பில்தான். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், வெள்ளி 962-இல். வீட்டு அடுப்பில் பழைய வெள்ளிப் பாத்திரத்தை உருக்கிக் குண்டு வார்க்கும் காட்சி இங்கேயே விழுந்துவிடுகிறது. ஈயக் குண்டு வார்க்கும் அச்சுகள் பல அலுமினியத்தால் ஆனவை. அலுமினியம் 660 பாகையிலேயே உருகும் என்பதால் வெள்ளியை ஊற்றினால் அச்சு நாசமாகும். கிராஃபைட் அச்சு வேண்டும், அல்லது நகை வேலையில் செய்வதுபோல மெழுகு உருவத்தைச் சுற்றிச் சாந்து பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வார்க்க வேண்டும். உருகிய வெள்ளிக்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தன் கன அளவைப்போல் சுமார் 20 மடங்கு கரைத்து வைத்துக்கொள்ளும். இறுகும்போது மொத்தத்தையும் துப்பும். மேற்பரப்பு வெடித்துக் கொப்புளிக்கும், உள்ளே குழிகள் விழும். குழி ஒரு பக்கமாக இருந்தால் எடை மையம் விலகி, சுழலும் குண்டு தள்ளாடும். உருகும்போது மேலே கரித்தூளோ வெண்காரமோ மூடியிருந்தால் இது குறையும்.

இத்தனைக்கும் பிறகு சுருக்கம் இருக்கிறது. உறைநிலையிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது வெள்ளி நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்குகிறது. ஈயம் சுருங்குவது அதில் பாதி. ஈயத்துக்கென்று அளவெடுத்து வெட்டிய 9 மி.மீ. அச்சின் உருவத்தையே வெள்ளிக்கும் பயன்படுத்தினால் குண்டு 0.1 மி.மீ. அளவு மெலிந்து வரும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் புரியின் ஆழமே சுமார் 0.1 மி.மீ.தான். ஈயம் மென்மையானதால் மருந்தின் அழுத்தத்தில் சற்றுப் புடைத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். வெள்ளி அப்படிப் புடைக்காது. வாயு பக்கவாட்டில் கசிகிறது, குண்டு புரியை முழுதாகப் பற்றுவதில்லை, சுழற்சி போதாமல் கரணமடித்துக்கொண்டு போகிறது. வெள்ளிக் குண்டு குறி தவறுகிறது என்று உங்கள் கதையில் ஒரு வரி வேண்டுமானால் காரணமாக இதைச் சொல்லுங்கள். தீர்வு, கொஞ்சம் பெரிதாக வார்த்து, பின்னர் கடைசல் பிடித்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது.

சரி, வார்த்துக் கடைந்தாயிற்று. முழு வெள்ளிக் குண்டு எந்த விதிக்குப் பொருந்துகிறது? தங்குதல் விதிக்கு அது மோசமான தெரிவு. முனை விரியாத 9 மி.மீ. குண்டு, தசையைப் போன்ற சோதனை ஜெலட்டினில் 60 செ.மீ.க்கும் மேல் போகும். ஓநாய் மனிதனின் மார்பு ஆழம் 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட, வெள்ளி மறுபக்கம் வெளியேறி மரத்தில் போய் இருக்கும். அளவு விதிக்கும் அதே கதிதான். தொடுதல் விதிக்குப் பொருந்தும், ஆனால் அதற்கு 7 கிராம் வெள்ளி எதற்கு?

தொடுதல் போதும் என்றால் முலாமே போதும். 8.4 மி.மீ. குறுக்களவுள்ள 9 ரவைகள் கொண்ட ஒரு தோட்டாவை எடுத்துக்கொள்வோம். முழு வெள்ளியில் செய்தால் 29 கிராம் பிடிக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 20 சதுர செ.மீ.; 0.025 மி.மீ. தடிப்பில் முலாம் பூசினால் அரை கிராம். ஒரு தோட்டாவுக்கான வெள்ளியில் 55 தோட்டாக்களுக்கு மேல் செய்யலாம். வெள்ளி அரிதாகக் கிடைக்கும் உலகில் கதையின் போக்கையே மாற்றக்கூடிய வேறுபாடு இது. ஈயத்தின்மேல் முலாம் நேரடியாகச் சரியாகப் பிடிக்காது. நடுவே மெல்லிய செம்புப் படலம் வேண்டும். இதே முலாமைப் புரிக் குழலில் போகும் குண்டின்மேல் பூசினால், 0.1 மி.மீ. ஆழமுள்ள புரி பக்கங்களில் அதைக் கிழித்துவிடும். முனையில் மட்டும் மிஞ்சும். தொடுதல் விதிக்கு முனை போதும்தான், ஆனால் கிழிந்த வெள்ளித் துணுக்குகள் குழலில் ஒட்டிக்கொண்டு அடுத்த குண்டுகளின் துல்லியத்தைக் கெடுக்கும். ரவைத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை. ரவைகள் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்தபடி குழலைக் கடப்பதால் எதுவும் எதையும் உரசுவதில்லை. வார்ப்பில் 0.1 மி.மீ. சுருங்கினாலும் கவலையில்லை, உருண்டைக்குச் சுழற்சியும் தேவையில்லை. அந்தப் பித்தான் கதையின் வேட்டைக்காரனுக்கும் உதவியது, எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் குழல்தான்.

தங்குதல்தான் விதி என்றால் முனையில் குழியுள்ள விரியும் குண்டு வேண்டும். அது 30 முதல் 45 செ.மீ.க்குள் நின்றுவிடும்படி வடிவமைக்கப்படுகிறது. இங்கே பலரும் செய்யும் தவறு, அந்தக் குழிக்குள் வெள்ளித்தூளை அடைத்து மெழுகால் மூடுவது. குழி விரிவதே ஈரமான தசை அதற்குள் புகுந்து சுவரை வெளியே தள்ளுவதால்தான். குழியை அடைத்துவிட்டால் அது விரியாத குண்டாகிவிடும். ஊடுருவி மறுபக்கம் போகும், தூளும் அதோடு போகும். குழியைக் காலியாக விட்டு, குண்டின் உடலையே வெள்ளியாக்குவதுதான் சரி.

அளவு விதி இரண்டையும்விடச் சிக்கலானது. வெள்ளி கரைந்து பரவ வேண்டும் என்றால் எடையைவிட மேற்பரப்பு முக்கியம். அதே 29 கிராமை 2 மி.மீ. ரவைகளாக்கினால் எண்ணிக்கை 660-ஐத் தாண்டும், மேற்பரப்பு 4 மடங்காகும். ஆனால் சிறு ரவை சீக்கிரம் வேகமிழந்து தோலுக்கடியிலேயே நின்றுவிடும். தடித்த மயிரும் தளர்ந்த தோலும் உள்ள உடம்பில் அது காயமாகக்கூட ஆகாது. 5 மி.மீ. அருகில் ஒரு நடுவழியைத் தேடுவதே உசிதம்.

எந்த வெள்ளியானாலும் கந்தகம் அதற்குப் பகை. கரும்புகை வரும் பழைய வெடிமருந்தில் கந்தகம் உண்டு. அதோடு நாள்பட இருந்தால் வெள்ளியின்மேல் கறுத்த வெள்ளி சல்ஃபைடு படியும். படலம் மெல்லியது, குண்டின் பறத்தலைப் பாதிக்காது. ஆனால் தொடுதல் விதி உள்ள உலகில் உடம்பை முதலில் தொடுவது வெள்ளி அல்ல, அந்தக் கறுப்பு. இதை ஒரு பலவீனமாகக் கதைக்குள் வைக்கலாம், நியாயமாகவும் இருக்கும்.

இரும்பு

ஐரோப்பிய ஃபேரிகளுக்கும் அரபு மரபின் ஜின்களுக்கும் இரும்பு ஆகாது என்பது பழைய நம்பிக்கை. ஃபேரிகள் எய்தவை என்று ஸ்காட்லாந்தில் நம்பப்பட்டவை மண்ணில் கிடைத்த கற்கால அம்புமுனைகள். அவர்கள் கல், நாம் இரும்பு என்ற எல்லைக்கோடு அதில் தெரிகிறது. இரும்பு இங்கே எல்லை காட்டும் பொருள். அதனால் தொடுதல் விதியே இயல்பாகப் பொருந்தும்.

இதற்கு எதையும் புதிதாக வார்க்க வேண்டியதில்லை. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவைக்கு மாற்றாக விற்கப்படும் எஃகு ரவை உண்மையில் கரிமம் மிகக் குறைந்த மென்மையான இரும்பு. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை நாடு முழுவதும் தடை. அதனால் அங்கே இது சாதாரணச் சரக்கு. உங்கள் கதை நிகழ்காலத்தில் அங்கே நடந்தால், ஃபேரி வேட்டைக்காரர் ரகசியக் கொல்லரைத் தேடிப் போக வேண்டாம். வாத்து வேட்டைத் தோட்டாப் பெட்டி ஒன்று போதும்.

ஆனால் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். இரும்பு ரவை ஈரம் பட்டால் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டியானது ரவையாகப் பரவாமல் ஒரே திரளாகப் பறக்கும். வாய்ப்பக்கம் குறுகிய குழலில் ஆபத்தும்கூட. அதைத் தடுக்கச் சிலவற்றில் துத்தநாகமோ செம்போ பூசியிருப்பார்கள். அப்படியானால் ஃபேரியைத் தொடுவது செம்பு. எண்ணெய் மட்டும் தடவிய பூச்சில்லாத ரவையே விதிக்கு உகந்தது. நனைந்த தோட்டாவைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

அடர்த்தி 7.87 மட்டுமே. 8.4 மி.மீ. ரவை ஈயத்தில் 3.5 கிராம், இரும்பில் 2.4. லேசான ரவை காற்றில் விரைவில் தளரும் என்பதால், ஈயத்தில் எந்த அளவு எடுப்போமோ அதைவிட இரண்டு அளவு பெரிதாக எடுப்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். 35 மீட்டருக்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

எஃகு உட்கருவும் செம்பு மேலுறையும் கொண்ட ராணுவக் குண்டு எளிய மாற்றாகத் தோன்றும். அதில் இரும்பு உள்ளேதான் இருக்கிறது, எலும்பில் மோதி உறை உரிந்தால் ஒழிய உடம்பைத் தொடாது. விண்கல் இரும்பு இன்னொரு கவர்ச்சி. துட்டன்காமனின் குத்துவாள் விண்கல் இரும்பால் ஆனது. அதில் நிக்கல் சுமார் 11 விழுக்காடு. அழகான பொருள், சடங்குக்கு ஏற்றது, ஆனால் 1,400 பாகைக்கு மேல்தான் உருகும், வார்ப்பதைவிட அடித்தோ அறுத்துத் தேய்த்தோ வடிவம் கொடுப்பதே எளிது. ஒரே ஒரு குண்டு, ஒரே ஒரு எதிரி என்று கதை நகர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மரம்

மரக்குண்டு என்ற யோசனையைக் கைவிடுவதே நல்லது. காரணத்தை எண்ணிலேயே பார்க்கலாம். ஒரு பொருள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதில் பெரும்பங்கு, அதன் முகப்புப் பரப்பின் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் பின்னால் எத்தனை கிராம் நிற்கிறது என்பதற்கு உண்டு. 9 மி.மீ. ஈயக் குண்டுக்கு அது 12.6 கிராம். அதே வடிவத்தை ஓக் மரத்தில் செய்தால் மொத்த எடையே அரை கிராம், சதுர செ.மீ.க்கு 0.8. சில பத்து மீட்டருக்குள் காற்றே அதன் வேகத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதற்கு முன்பே மருந்தின் வேகமும் புரியின் சுழற்சியும் மரத்தைப் பிளந்திருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியப் படையில் மரமுனைத் தோட்டாக்கள் இருந்தன; அவை பயிற்சி வெற்றுவேட்டுக்கானவை, மரம் சிதறிப் போவதுதான் அவற்றின் நோக்கமே.

இப்போது அதே 9 மி.மீ. தடிப்பில் 50 செ.மீ. நீளமுள்ள ஆஷ் மரத்தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 22 கிராம், சதுர செ.மீ.க்கு 35. ஈயக் குண்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! மரத்தின் லேசை நீளம் ஈடுகட்டிவிடுகிறது. அதனால் குறுக்குவில்லிலிருந்து விநாடிக்கு 100 மீட்டருக்கும் குறைவாகப் புறப்பட்டாலும் கணை ஆழமாக இறங்குகிறது, இறங்கியபின் அங்கேயே நிற்கிறது.

நிற்பதுதான் முக்கியம். 1725-இல் செர்பியாவின் கிசில்யெவோ கிராமத்தில் பேதர் பிளாகோயேவிச் என்பவரின் பிணத்தைத் தோண்டியெடுத்து இதயத்தில் மரமுளை அடித்து, பிறகு எரித்தார்கள். இது ஆஸ்திரிய அதிகாரியின் அறிக்கையாகவே பதிவாகியிருக்கிறது. முளையடிப்பது என்றாலே ஒன்றை நகரவிடாமல் நிறுத்துவது. மரம் காட்டேரியைக் கொல்லும் நஞ்சல்ல, எழவிடாமல் தைத்து வைக்கும் ஆணி. தங்குதல் விதியின் மிகத் தூய வடிவம் இதுதான். ஊடுருவி வெளியேறும் எதுவும், தோலடியில் சிதறும் எதுவும் இதற்கு உதவாது. ரவைத் துப்பாக்கியில் ரவைக்குப் பதில் போடும் ஒற்றைக் குண்டான ஈய ஸ்லக்கின் முனையில் மரத்துண்டு செருகும் கலப்பு வடிவமும் பயனற்றது. மோதும்போது மரம் சிராய்களாகிறது, முளையாக மிஞ்சுவதில்லை.

கணையைச் செய்வதில் கவனம் வேண்டும். ரம்பத்தால் அறுத்த கட்டையில் இழை சாய்வாக வெளியேறும்; அந்தச் சாய்விலேயே தண்டு ஒடியும். இழையோடு பிளந்தெடுத்த கட்டையைச் செதுக்குவதே பாதுகாப்பு. ஈரம் ஏறினால் தண்டு வளையும், வளைந்த தண்டு வலமோ இடமோ விலகும். இழுவிசை மிக அதிகமான நவீன குறுக்குவில்லில் மரத்தண்டு ஏவும் கணத்திலேயே பிளந்து பிடித்திருப்பவர் கையைக் கிழிக்கக்கூடும். மிதமான விசையுள்ள வில்லையும் தடித்த தண்டையும் இணைப்பது மேல். கார்பன் நாரில் செய்த கணை நேராகப் போகும், ஆனால் அது மரமல்ல. முனையில் எஃகு அலகு வைப்பதை விதி தடுக்காது: அலகு வழிதிறந்து கடந்துவிடும், இதயத்தில் நிற்பது தண்டு. செர்பிய மரபு விரும்புவது ஹாதோர்ன் என்னும் முள்மரம். நேரான நீளம் அதில் எளிதில் கிடைக்காது, ஆகவே ஆஷ் தண்டில் ஹாதோர்ன் முன்பாகத்தை இணைத்துக்கொள்ளலாம்.

குறை இரண்டு. 30 மீட்டருக்குப் போக 0.3 விநாடி ஆகும், அதற்குள் கணை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துவிடும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் இதயத்துக்குப் பதில் வயிறு. இரண்டாவது, மறுபடி ஏற்ற அரை நிமிடம் வரை பிடிக்கலாம். எனவே காட்டேரியை முதலில் ரவையால் முடக்கிவிட்டு, விழுந்த பின் கணையால் தைப்பதே நடைமுறைக்கு ஒத்த வரிசை.

உப்பும் நீரும்

உப்பின் அடர்த்தி 2.17, எளிதில் நொறுங்கும். கற்களாகப் போட்டாலும் குழலைவிட்டுப் பாதித் தூளாகவே வரும். 10 மீட்டருக்குள்தான் பேச்சு. ஆவிக்கு எதிராக அது குறையல்ல, மேகம்போலப் பரவுவதே அங்கே தேவை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அதனால் தோட்டாவின் வாயை மெழுகிட்டு மூட வேண்டும், சுட்ட அன்றே குழலை வெந்நீரால் கழுவி எண்ணெயிட வேண்டும். இல்லையேல் சில நாளில் குழலில் துருக்குழி விழும். ஆவிக்கு உடம்பில்லை என்பதையும் மறக்கக் கூடாது: அதைக் கடக்கும் எதுவும் பின்னால் நிற்பவர்மேல் படும். உப்பின் குறைந்த வீச்சு இங்கே ஒரு வரமாகிறது.

புனித நீரைக் குண்டுக்குள் அடைப்பது வேண்டாம். 25 செ.மீ.க்கு ஒரு சுற்றுச் சுழற்றும் 9 மி.மீ. குழலிலிருந்து விநாடிக்கு 360 மீட்டரில் புறப்படும் குண்டு நிமிடத்துக்கு 86,000 சுற்றுச் சுழல்கிறது. மையத்திலிருந்து 3 மி.மீ. தள்ளியிருக்கும் நீர்த்துளி தன் எடையைப்போல் 25,000 மடங்கு விசையால் வெளியே தள்ளப்படும். மூடி கசியும், கசியாவிட்டாலும் உள்ளே திரவம் குண்டோடு சேர்ந்து சுழலாமல் அதைத் தள்ளாட வைக்கும். விளையாட்டில் வண்ண உருண்டை சுடும் பெயின்ட்பால் துப்பாக்கி சரியான கருவி: 17.3 மி.மீ. உருண்டை, விநாடிக்கு 90 மீட்டருக்குள், சுமார் 2.5 மி.லி. கொள்ளும். கடையில் கிடைக்கும் உருண்டையின் தோல் ஜெலட்டின், அதற்குள் தண்ணீரை நிரப்பினால் தோலே கரைந்துவிடும். வண்ணக் கலவையில் பாலிஎத்திலின் கிளைக்கால் இருப்பது அதனால்தான். இரு பாதிகளை ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஓடு வேண்டும்.

பேருடல்கள்

டிராகனுக்குத் தனிப்பொருள் விதி பெரும்பாலும் இல்லை. அங்கே கேள்வி ஊடுருவல் மட்டுமே, அதற்கு யானை வேட்டைத் துப்பாக்கிகளின் அனுபவம் நல்ல அளவுகோல். .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பழைய தோட்டா 58 கிராம் குண்டை விநாடிக்குச் சுமார் 595 மீட்டரில் அனுப்பும், ஆற்றல் 10,000 ஜூலுக்கு மேல். யானையின் மண்டையோடு தேன்கூடுபோல் அறைகளாலான தடித்த எலும்பு. விரியும் முனை அதில் பிதுங்கி நின்றுவிடும் என்பதால் விரியாத திண்குண்டையே எடுத்தார்கள். செதிள் எவ்வளவு தடிப்பு என்று உங்கள் உலகம் சொல்கிறதோ அதற்கேற்ப இதிலிருந்து மேலே போகலாம். ரவையைச் செதிளுக்கு எதிராக யோசிக்கவே வேண்டாம்.

பறக்கும்போது சுடுவது இன்னொரு கணக்கு. 100 மீட்டர் தள்ளி விநாடிக்கு 40 மீட்டரில் குறுக்கே பறப்பதற்கு, விநாடிக்கு 800 மீட்டர் வேகக் குண்டால் சுட்டாலும் 5 மீட்டர் முன்னே குறிவைக்க வேண்டும். தரையில் இறங்கும்வரை காத்திருப்பது கோழைத்தனம் அல்ல.

நெருப்பைக் கக்கும் உயிருக்குக் கிரேக்க மரபு ஒரு அருமையான விடையை வைத்திருக்கிறது. கைமீராவைக் கொன்ற பெல்லரஃபான் ஈட்டி முனையில் ஈயத்தைப் பொருத்தித் தொண்டைக்குள் செலுத்தினான் என்று ஒரு வடிவம் சொல்கிறது. அதன் மூச்சே ஈயத்தை உருக்கி உள்ளே ஒழுகவிட்டது. ஈயம் 327 பாகையில் உருகும் என்பதால் கற்பனை பொருளின் இயல்போடு ஒத்துப்போகிறது. ஆனால் சுடரினூடே சில ஆயிரத்திலொரு விநாடியில் பறந்து போகும் குண்டு உருகாது. உருக நேரம் வேண்டும், அதாவது தொண்டையில் தங்க வேண்டும். மெல்ல நுழைந்து சிக்கிக்கொள்ளும் கனத்த ஈயம்தான் தேவை, ஈட்டி அதற்குப் பொருத்தம்.

கிரேக்கக் கதையில் வரும், துளைக்க முடியாத தோல் கொண்ட நெமியச் சிங்கத்துக்கு எதிராகக் கனமான குண்டின் இடியை நம்புகிறவர்கள் உண்டு. 28 கிராம் ஸ்லக் விநாடிக்கு 480 மீட்டரில் 300 கிலோ சிங்கத்தை மோதினால், சிங்கம் விநாடிக்கு நாலரை செ.மீ. வேகத்தில் நகரும். சுட்டவர் தோளில் வாங்கும் உதையும் ஏறக்குறைய அதே அளவுதான். ஹெராக்ளிஸ் அதன் கழுத்தை நெரித்தான் என்று மரபு சொல்வதில் காரணம் இருக்கிறது.

எதைத் தூக்கிக்கொண்டு போவது

ஒரே ஆயுதம் என்றால் 12 காஜ் என்னும் குழலளவுள்ள ரவைத் துப்பாக்கி. வெள்ளி, இரும்பு, உப்பு மூன்றையும் குழலுக்குக் கெடுதி குறைவாக ஏற்கும் கருவி வேறில்லை. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை வேண்டாம். அது உதையின் விசையிலோ வாயுவின் விசையிலோ இயங்குகிறது, உப்புபோன்ற லேசான சுமைக்கு அந்த விசை போதாமல் பாதியில் சிக்கிக்கொள்ளும். கையால் இழுக்கும் பம்ப் வகை எல்லாவற்றையும் தள்ளும், ஆனால் உள்ளே அடுக்கிய வரிசையில்தான் சுட முடியும். இரும்பு தேவைப்படும் கணத்தில் வெள்ளி முன்னால் நிற்கும். இரட்டைக்குழல், குழலுக்கு ஒன்றாக விரலால் இழுக்கும் இரண்டு சுடுவிசை உள்ளதே என் தேர்வு. எதிரில் வந்தது எது என்று தெரிந்த பிறகு விரல் முடிவு செய்யலாம். ஜெர்மானிய வேட்டை மரபின் டிரில்லிங் அதைவிட மேல்: இரண்டு வழவழப்பான குழல், கீழே ஒரு புரிக்குழல். இடதில் பூச்சில்லாத இரும்பு, வலதில் வெள்ளி முலாம், கீழே விரியாத திண்குண்டு. காட்டேரி இருக்கும் ஊரானால் தோளில் குறுக்குவில்லும்.

தோட்டாக்களை நிறத்தால் பிரிக்காதீர்கள். இந்த வேட்டைகள் இரவில் நடப்பவை, சிவப்பும் பச்சையும் அப்போது ஒன்றே. உறைமேல் நூல் சுற்றினால் அறைக்குள் நுழையாமல் இறுகும். பிளாஸ்டிக் உறைகளில் வழவழப்பானவையும் உண்டு, நீளவாக்கில் வரிவரியாக இருப்பவையும் உண்டு. வெள்ளியை வரி உறையிலும் இரும்பை வழவழப்பான உறையிலும் அடைத்துவிட்டால், பைக்குள் கைவிட்ட விரலுக்கே தெரியும்.